மெரூன் வழவழப்பு, பேபி பிங்க் கோடுகோடு: ஏன்?

"ஒரே கம்பெனி நெயில் பாலிஷ், ஒரே 50 ரூபாய். மெரூன் இரண்டு கோட்டில் அழகாக அமைகிறது. பேபி பிங்க் மட்டும் நான்கு கோட் போட்டாலும் திட்டுத்திட்டாக இருக்கிறது. வெளிர் நிறங்களில் மட்டும் மட்டமான சரக்கைப் போடுகிறார்களா?" இது ஒரு வாசகியின் கேள்வி. மட்டமான சரக்கு என்று சொல்லிவிட முடியாது. வெளிர் நிற நெயில் பாலிஷ் செய்வது உண்மையிலேயே கடினம்.

எல்லா ஷேடுக்கும் அடிப்படை ஒன்றுதான். நைட்ரோசெல்லுலோஸ் படலமாகிறது, ஒரு பிசின் அதை நகத்தில் ஒட்ட வைக்கிறது, ஓர் இளக்கி விரிசல் விடாமல் காக்கிறது. இவற்றைக் கரைத்து வைத்திருப்பவை எத்தில் அசிட்டேட்டும் பியூட்டைல் அசிட்டேட்டும். ஷேடுக்கு ஷேடு மாறுவது நிறமி.

மெரூன் நிறமி ஒளியை விழுங்குகிறது. பூச்சு கொஞ்சம் மெலிந்த இடத்திலும் அடர்ந்தே தெரியும். பேபி பிங்க்கில் பெரும்பகுதி வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடு. அது ஒளியைச் சிதறடித்துத்தான் நகத்தை மறைக்கிறது. ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் ஒளிவிலகல் எண் அதற்குச் சுமார் 2.7, சுற்றியுள்ள படலத்துக்கு 1.5. இந்த இடைவெளிதான் சிதறலைத் தருகிறது. சிதறல் நன்றாக நடக்க, துகள்கள் 0.2 முதல் 0.3 மைக்ரோமீட்டர் அளவில், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும். அதிகம் போட்டு நெருக்கினால் ஒவ்வொரு துகளும் சிதறடிப்பது குறைந்துவிடும். சரியாக அரைக்காமல் கட்டிகட்டியாக விட்டாலும் அப்படித்தான். விலை மலிவான தயாரிப்பில் மிச்சம் பிடிக்கத் தோன்றும் இடம் இந்த அரைப்புதான்.

அடுத்த சிக்கல் எடை. டைட்டானியம் டை ஆக்சைடின் அடர்த்தி நீரைப் போல நான்கு மடங்கு. சும்மா விட்டால் அடியில் படிந்துவிடும். அதைத் தாங்கிப் பிடிப்பது களிமண்! ஹெக்டோரைட் அல்லது பெண்டோனைட் களிமண்ணை, கரைப்பானோடு ஒத்துப்போகும்படி ஓர் அம்மோனியம் சேர்மத்தால் பக்குவப்படுத்திச் சேர்க்கிறார்கள். ஒரு நானோமீட்டர் தடிமனே உள்ள அதன் தகடுகள் விளிம்போடு விளிம்பு தொட்டு, சீட்டுக்கட்டு வீடு போல ஒரு கூட்டை எழுப்புகின்றன. நிறமித் துகளின் எடை அதை உடைக்கப் போதாது. அதனால் அது அந்தரத்தில் நிற்கிறது.

இப்போது பிரஷை இழுங்கள். நொடிக்கு 5 சென்டிமீட்டர் வேகம், பூச்சின் தடிமன் 0.05 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வேகச்சரிவு (வேகத்தைத் தடிமனால் வகுத்தால் வருவது) நொடிக்கு 1000. சீட்டு வீடு சரிகிறது, பாலிஷ் தண்ணீராக ஓடுகிறது. பிரஷை எடுத்ததும் தகடுகள் மறுபடி கைகோக்கத் தொடங்குகின்றன. கலக்கிய தயிர் திரும்ப உறையாது, இது உறையும். மிதிக்க இளகி, விட்டால் இறுகும் வயல் சேறுதான் இதற்குச் சரியான உறவு. நம் குஜராத்தின் கச்சில் வெட்டி எடுக்கும் பெண்டோனைட்டிலும் இதே குணம் உண்டு. அதை வெறும் மண்ணாக விற்காமல் இப்படிப் பக்குவப்படுத்தும் ஆராய்ச்சிக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

பிரஷ் முடிகள் விட்ட உழவுச்சால்களை மேற்பரப்பு இழுவிசை சமப்படுத்த வேண்டும், அதுவும் கூடு எழும்புவதற்குள். கூடு தாமதமாக எழுந்தால் பாலிஷ் ஓரத் தோலுக்கு வழியும். சீக்கிரம் எழுந்தால் சால்கள் அப்படியே உறையும். வெள்ளை நிறமி அதிகமானால் அதைத் தாங்கக் களிமண்ணும் அதிகம் வேண்டும், கூடும் விரைவில் இறுகும். பேபி பிங்க்கின் கோடுகள் இப்படி வருபவை.

அதனால் வெளிர் ஷேடு போடும்போது பிரஷில் சற்று நிறைய எடுத்து, நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்றே இழுப்பில் முடியுங்கள். இறுகத் தொடங்கிய இடத்தில் திரும்ப இழுத்தால் பள்ளம் விழும். அடுத்த கோட்டுக்கு 3 நிமிடம் பொறுங்கள். பூசுமுன் பாட்டிலை உள்ளங்கைகளுக்கு இடையே ஒரு நிமிடம் உருட்டுங்கள். வேகமாகக் குலுக்கினால் குமிழி சேரும். கெட்டியாகிவிட்டால் நெயில் பாலிஷ் தின்னர் இரண்டு மூன்று சொட்டு போதும். ரிமூவரை ஊற்ற வேண்டாம். பல ரிமூவர்களில் தண்ணீர் இருக்கும். தண்ணீர் பட்டால் நைட்ரோசெல்லுலோஸ் கரைசலிலிருந்து பிரிந்து திரியும்.

பல ஷேடுகளை ஒப்பிட, நகத்தை விடக் கண்ணாடித் துண்டு நல்லது. இரண்டு கோட் பூசிக் காய்ந்ததும் செய்தித்தாள் மேல் வையுங்கள். எழுத்து தெரிந்தால் அந்த ஷேடுக்கு மூன்றாவது கோட் தேவை. பிளாஸ்டிக் டம்ளரில் சோதிக்காதீர்கள், பாலிஸ்டைரீனாக இருந்தால் கரைப்பான் அதை உருக்கிவிடும்.

ஐஸ் தண்ணீரில் விரலை முக்கினால் உடனே காய்ந்துவிடும் என்பது வெறும் நம்பிக்கை. குளிரில் மேற்பரப்பு விறைக்கும், ஆனால் கரைப்பான் ஆவியாவது மெதுவாகும். எத்தில் அசிட்டேட்டின் கொதிநிலை 77 டிகிரி, அது முதலில் பறந்துவிடும். 126 டிகிரியில் கொதிக்கும் பியூட்டைல் அசிட்டேட் தொட்டால் ஒட்டாத படலத்துக்கு அடியில் மணிக்கணக்கில் தங்கும். இரவு பத்து மணிக்குப் பூசியவர் காலையில் எழும்போது நகத்தில் போர்வையின் நெசவு பதிந்திருப்பது அதனால்தான்.