வெயில் காய்ச்சும் ஊதா எண்ணெய்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் சாலையில் சித்திரை மாதம் போனால், கருகிக் கிடக்கும் கரட்டுக்காட்டில் வெள்ளைப் பூவோடு நிற்கும் ஒரு மரத்தைப் பார்க்கலாம். மல்லிகை போல மணக்கும், இலையைக் கிள்ளினால் பால் வடியும். ஏட்டில் அதற்கு வெட்பாலை என்று பெயர், எங்கள் வாயில் வெப்பாலை. அஞ்செட்டிப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் ஆலெ மரம் என்பார்கள். சன்னபட்டணத்து மரப்பொம்மைகளைக் கடைவது இந்த மரத்தில்தான்.

என் அத்தைக்கு முழங்கையில் செதில் செதிலாக உதிரும் காளாஞ்சகப்படை வந்தது. சொரியாசிஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஊர் வைத்தியர் ஒருவர் தைலம் செய்யும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தார். "இலையில இரும்பு படக்கூடாது கண்ணு, கையால கிள்ளிப் போடு. அடுப்புல மட்டும் வெச்சுடாத. வெயில்தான் இதுக்கு அடுப்பு."

கிள்ளிய இலையைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, அது மூழ்கத் தேங்காய் எண்ணெய் ஊற்றி, வாயில் வெள்ளைத்துணி கட்டி மொட்டைமாடியில் வைத்தேன். முதல் நாள் எண்ணெய் வெளிர்பச்சையாக இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் தூக்கிப் பார்த்தால் இலையோரத்தில் செம்மை கசிந்திருந்தது. ஏழாம் நாள் பாட்டில் முழுக்க நாவல்பழத்தை நசுக்கிய நிறம். பச்சை இலையும் நிறமற்ற எண்ணெயும் சேர்ந்து ஊதா எங்கிருந்து வந்தது?

வெட்பாலை இலைக்குள், நீலச்சாயம் எடுக்கும் அவுரிச் செடியில் இருப்பதைப் போன்ற சாயச் சரக்கு உண்டு. அதன் அறிவியல் பெயரில் வரும் 'டிங்டோரியா' என்ற சொல்லே சாயத்துக்கு உரியது என்று பொருள்படும். உயிருள்ள இலையில் அந்தச் சாயம் சாயமாக இருப்பதில்லை. நிறமே இல்லாத ஒரு மூலப்பொருள் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும். அதைப் பிரிக்கக்கூடிய நொதி (என்சைம்) செல்லுக்குள் வேறோர் அறையில் இருக்கும். இலையைக் கிள்ளும்போது இரண்டும் கலக்கின்றன, சர்க்கரை கழன்றுகொள்கிறது. மீதியான பொருளின் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகக் கோத்துக்கொள்கின்றன. ஒரு விதமாகக் கோத்தால் நீலமான இண்டிகோ, இன்னொரு விதமாகக் கோத்தால் சிவப்பான இண்டிருபின். இரண்டிலும் இருக்கும் அணுக்கள் ஒன்றே, அமைப்புத்தான் வேறு. நீலமும் சிவப்பும் சேர்ந்தால் ஊதாதானே!

வைத்தியர் சொன்ன பக்குவத்தை இப்போது திரும்ப நினைத்துப் பாருங்கள். கொதிக்கும் எண்ணெயில் இலையைப் போட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். மூடியை இறுக்கினால் காற்று போகாது, ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். நொதி என்ற சொல் தெரியாமலே, பாட்டிலின் நிறத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்த பக்குவம் இது. எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

சரி, இந்தச் சாயத்துக்குத் தோலில் என்ன வேலை? நம் மேல்தோல் செல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய 4 வாரம் ஆகும். காளாஞ்சகப்படையில் எதிர்ப்பாற்றலின் தூண்டுதலால் அந்தப் பயணம் சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் குவிந்து செதிலாகின்றன. இண்டிருபின் இரண்டு இடத்தில் கை வைக்கிறது. செல் இரண்டாகப் பிரிந்து பெருகச் சொல்லும் சில நொதிகளை அது தடுக்கும். தோல் செல்லுக்குள் இருக்கும் 'ஏ.எச்.ஆர்' என்ற ஏற்பியை, அதாவது சேதி வாங்கும் புரதத்தை, தட்டியெழுப்பி அழற்சியையும் தணிக்கும். சீன வைத்தியத்தில் அவுரியைப் போல நீலச்சாயம் தரும் வேறு செடிகளிலிருந்து எடுக்கும் நீலப்பொடியை இதே நோய்க்குப் பூசுகிறார்கள். 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாபினரோஃப் என்ற களிம்பு வேலை செய்வதும் அதே ஏற்பி வழியாகத்தான்.

அத்தைக்கு ஒரு மாதத்தில் அரிப்பு அடங்கிச் செதில் உதிர்ந்தது. மார்கழிப் பனியில் திரும்ப வந்தது. இது வேரோடு போகிற நோய் அல்ல, தைலம் அதைக் கட்டுக்குள் வைக்க உதவும், அவ்வளவே. மூட்டு வலி சேர்ந்து வந்தாலோ, படை உடம்பெங்கும் பரவினாலோ தோல் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். அவர் கொடுத்த மாத்திரையை இந்த எண்ணெயை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

இலை பறிக்கப் போகிறவர்கள் காயைப் பாருங்கள். சீதபேதிக்குப் பட்டை எடுக்கும் குடசப்பாலையும் பால் வடிக்கும், வெள்ளையாகவே பூக்கும். அதன் காய்கள் தனித்தனியாகத் தொங்கும். வெப்பாலையில் ஒல்லியான இரண்டு நீளக் காய்கள் காம்பில் பிரிந்து, கீழே நுனியில் ஒட்டிக்கொண்டு, இடுக்கி போலத் தொங்கும்.