போத்தலில் எழும் குமிழி

நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பிறகு, வார்ட்டில் வீட்டாரின் கண் முதலில் போவது, நெஞ்சிலிருந்து வரும் டியூப் போய்ச் சேரும், கட்டிலுக்குக் கீழே இருக்கிற தண்ணீர்ப் போத்தலுக்குத்தான். வெள்ளவத்தையிலிருந்து வந்த ஓர் அம்மா, கணவர் இருமும்போதெல்லாம் அதில் எழும் குமிழிகளை எண்ணிக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். "டொக்டர், நேற்றையைவிட இன்றைக்குக் குறைவு. சரிதானே?" சரிதான். நானும் அதைப் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

குமிழி வந்தால் நுரையீரலிலிருந்து காற்று கசிகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் சில நாட்களில் தானாக அடைபட்டுவிடும். 5 நாட்களைத் தாண்டினால்தான் கவலை. டியூப் உள்ளேயே கிடக்க, சீழ் பிடிக்கும் ஆபத்தும் கூடும்.

கசிவைக் குறைக்கும் வேலை ஒப்பரேஷன் தியேட்டரிலேயே தொடங்கிவிடுகிறது. நுரையீரல் மடல்களுக்கு இடையிலுள்ள பிளவு பலருக்கு முழுதாகப் பிரிந்திருக்காது. அதைப் பிய்த்துப் பிரித்தால் கசியும் என்பதால், ஸ்டேப்லரால் தைத்தபடியே வெட்டுகிறோம். நெஞ்சை மூடுமுன் உள்ளே சேலைன் ஊற்றி, மயக்கமருந்து வைத்தியரிடம் நுரையீரலை மெல்ல ஊதச் சொல்வேன். சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடுவது போலத்தான். குமிழி எழும் இடத்தில் இன்னொரு தையல். எவ்வளவு நேரமானாலும் இந்தச் சோதனையை நான் விடுவதில்லை.

அதைவிட நான் பயப்படுவது, வெட்டித் தைத்த மூச்சுக்குழாயின் முனை திறந்துகொள்வதற்கு. அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்து. வலது நுரையீரலை முழுதாக அகற்றியவர்களுக்கு இது கூடுதலாக வரும். இடது முனை பெருநாடி வளைவுக்குக் கீழே ஒதுங்கி மூடப்பட்டுவிடும். வலது முனைக்கு அந்தப் போர்வை இல்லை. முனையை நீளமாக விட்டால் சளி தேங்கும். சுற்றியுள்ள இழையத்தை அதிகம் சுரண்டினால் இரத்த ஓட்டம் போய் ஆறாது. நீரிழிவு உள்ளவர்கள், ஏற்கெனவே கதிர்ச்சிகிச்சை எடுத்தவர்கள் என்றால், விலா எலும்புகளுக்கு நடுவிலுள்ள தசையில் ஒரு பட்டையை அதன் இரத்தக் குழாயோடு திருப்பி, முனைமேல் போர்த்தித் தைப்பேன்.

வீட்டுக்குப் போன பிறகு, இரத்தம் கலந்த தண்ணீர்போன்ற சளி இருமலோடு திடீரென நிறைய வந்தால், ஒப்பரேஷன் செய்த பக்கம் கீழே இருக்கும்படி சாய்ந்துகொண்டு உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள். முனை திறந்து, வெட்டிய இடத்தில் தேங்கிய நீர் வெளியே வருவதாக இருக்கலாம். அந்த நீர் நல்ல நுரையீரலுக்குள் இறங்கவே கூடாது.

அப்புறம் சிகரெட். ஒப்பரேஷனுக்குக் குறைந்தது 4 கிழமை முன்பே விட்டுவிடுங்கள். முடிந்த பிறகு வலிக்குப் பயந்து இருமலை அடக்கினால் சளி அடைத்து நியூமோனியா வரும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள்.

நான்காம் நாள் அந்த அம்மாவின் கொப்பியில் ஒரு பூச்சியம் இருந்தது. மறுநாள் காலையிலும் குமிழி இல்லை. டியூபை எடுத்தோம்.