நின்னுபோன மூணு சக்கர வண்டிக்கு பார்ட்ஸ் எங்க இருந்து வருது?

பழைய ஹோண்டா ஏடிசி மாதிரி, மண்ணு மேடுல ஓட்டற மூணு சக்கர ஆஃப்ரோடு வண்டி ஒண்ணு கைக்கு வந்துச்சுன்னா மொதல்ல காதுல விழுற வார்த்தை "சார் அந்த பார்ட் நிறுத்திட்டாங்க". 1970ல அமெரிக்காவுல யூஎஸ் 90ங்கிற பேர்ல வந்த வண்டி இது, பின்னாடி ஏடிசி 90 ஆச்சு. சஸ்பென்ஷன் கிடையாது, ரெண்டு பிஎஸ்ஐ அளவுக்கு காத்து அடிச்ச குண்டு டயர்தான் குலுக்கல தாங்கணும். திருப்பும்போது ரெண்டு பின் சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடற டிஃபரன்ஷியலும் இல்ல, திருப்பும்போது ஆள் உடம்ப சரியா சாய்க்கலன்னா கவுந்துரும். விபத்து பெருகி, 1988ல அந்த நாட்டு அரசோட போட்ட ஒப்பந்தத்துல கம்பெனிங்க விக்கறதையே நிறுத்திட்டாங்க.

ஆனா நின்னது பார்ட் நம்பர்தாங்க, உள்ள இருக்கற சாமான் நிறைய இன்னைக்கும் உற்பத்தியில இருக்கு. பேரிங்க கழட்டி மண்ணெண்ணெயில கழுவி ஓரத்துல பாருங்க, உதாரணத்துக்கு 6204னு பொறிச்சிருக்கும். கடைசி 04ஐ அஞ்சால பெருக்குனா 20, அதான் உள் விட்டம் மில்லிமீட்டர்ல. வெளி விட்டம் 47, அகலம் 14. உலகத்துல எந்த கம்பெனி செஞ்சாலும் இதே அளவுதான், பாண்டியில மோட்டார் பம்புக்கு பேரிங் விக்கற கடையில கேட்டாலே எடுத்து குடுப்பாங்க. கூட சி3னு இருந்தா அதையும் பாத்து வாங்கணும், சூட்டுல விரியறதுக்கு உள்ள கொஞ்சம் கூடுதல் இடம் விட்டிருப்பாங்க.

எண்ணெய் கசியாம தண்ட சுத்தி நிக்கற ரப்பர் வளையமான ஆயில் சீலும் அப்படித்தான், முகத்துலயே 20 35 7ன்னு மாதிரி எழுதியிருக்கும், தண்டு, வெளி அளவு, தடிமன். இங்க ஒண்ண அழுத்தி சொல்றேன், நாப்பது வருஷம் டப்பாவுலயே இருந்த ஒரிஜினல் சீல்னு யாராவது அதிக வில சொன்னா வாங்காதீங்க. டப்பாவ பிரிக்காம இருந்தாலும் ரப்பர் காத்துல இருக்கற ஆக்ஸிஜன் பட்டு இறுகிடும், தண்ட ஒட்டி நிக்கற உதடு வளையாது, எண்ணெய் கசியும். அதே அளவுல புது நைட்ரைல் (எண்ணெய் தாங்கற ரப்பர்) சீல் போடறதுதான் நல்லது.

இப்ப நெஜமாவே கஷ்டமான இடத்துக்கு வருவோம், சிலிண்டர். தேஞ்சா உள்பக்கத்த கடைஞ்சு பெருசாக்கி (போரிங்) 0.25, 0.50 மில்லிமீட்டர்னு ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், அதுவும் 1.00 தாண்டிட்டா பொதுவா பிஸ்டன் கிடைக்காது. அப்ப லேத்துல பழைய லைனர, அதாவது பிஸ்டன் ஓடற உள் குழாய, கடைஞ்சு எடுத்துட்டு வார்ப்பிரும்புல புது லைனர் ஏத்தணும். கடலூர் ஓ.டி. (பழைய டவுன்) பக்கம் போட் என்ஜின் பாக்கற பட்டறைக்காரங்களுக்கு லைனர் மாத்தறது தெரிஞ்ச வேலதான். லைனரோட வெளி அளவு ஓட்டைய விட முடியளவு பெருசா இருக்கும், சும்மா அடிச்சா ஏறாது. சிலிண்டரோட வெளிக்கூடான அலுமினியம் பேரல 200 டிகிரி வரைக்கும் சூடு பண்ணுவாங்க. 60 மில்லிமீட்டர் ஓட்டை அந்த சூட்டுல ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் விரியும், சூடு பண்ணாத லைனர விட்டா சொய்ங்னு இறங்கிடும், ஆறுனதும் கெட்டியா புடிச்சுக்கும். எனக்கு இந்த வேலய பாக்க பாக்க சலிக்காது, பசை இல்ல, போல்ட்டு இல்ல, சூடும் கணக்கும் மட்டும்தான். அப்புறம் ஹோனிங் பண்ணி, அதாவது தேய்ப்புக் கல்லு விட்டு, உள்ள குறுக்கு கோடு போடுவாங்க, எண்ணெய் அந்த கோட்டுல தங்கி நிக்கும்.

நம்ம ஊரு கடல் காத்து இன்னொரு தலைவலி. இரும்பு போல்ட்டு, அலுமினியம் கேஸ், நடுவுல உப்பு ஈரம், மூணும் சேந்தா ஒரு சின்ன பேட்டரிதான், அலுமினியம் அரிச்சு போல்ட்ட கவ்விக்கும். முறுக்கி ஒடைக்காம, எண்ணெய் விட்டு ராத்திரி ஊற வச்சு, போல்ட்டுக்கு சுத்துப்பக்கம் சூடு காட்டி கழட்டணும்.

கரண்ட் பக்கம், சிடிஐ (கெப்பாசிட்டர் வழியா பொறி குடுக்கற இக்னிஷன்) வச்ச மாடல்ல சோர்ஸ் காயில் சில நூறு வோல்ட் குடுத்து கெப்பாசிட்டர நிரப்பும், பிக்கப் காயில் சைகை காட்டுனதும் அது மொத்தமா இக்னிஷன் காயில்ல பாஞ்சு பிளக்குல பொறி வரும். சோர்ஸ் காயில் அறுந்துடுச்சுன்னா மோட்டார் வைண்டிங் கடையிலயே கட்டிக்கலாம், முடி மாதிரி எனாமல் கம்பிதான், ஆனா பழசப் பிரிக்கறதுக்கு முன்னாடி கம்பி தடிமனும் சுத்து எண்ணிக்கையும் எழுதி வச்சுக்கணும். பிக்கப் காயில் வயர்ல மட்டும் எது எங்க போகுதுன்னு ஒரு போட்டோ எடுத்து வச்சிருங்க, ரெண்டையும் மாத்தி குடுத்தா டைமிங் தப்பி வண்டி ஒழுங்கா ஸ்டார்ட் ஆகாது.