ஆர்.ஓ. கழிவுநீரும் அவகாடோ போன்சாயும்

போன ஏப்ரலில் தாம்பரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா அவகாடோச் செடி ஒன்றை ஆட்டோவில் வைத்து எடுத்துவந்தார். விதை போட்டு இரண்டு வருடம் ஆன செடி. மூன்றடி உயரம், ஆனால் தண்டு பென்சில் பருமன்தான். இலைகள் எல்லாம் நுனியிலிருந்து பாதிவரை கருகித் தொங்கின. "ஒரு நாள்கூடத் தண்ணீர் தவறினதில்லை சார்" என்றார். என்ன தண்ணீர் என்று கேட்டேன். சமையலறை ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைக் குடத்தில் பிடித்துவைத்து ஊற்றுகிறாராம். வீணாக்க மனம் வரவில்லை என்றார்.

பல வருடங்களாகப் போன்சாய் வளர்த்தும் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். என்னிடம் சிகிச்சைக்கு வரும் அவகாடோக்களில் பெரும்பாலானவை இதே கோலத்தில்தான் வருகின்றன. பூச்சியா, சத்துக்குறைவா என்று தேடி மருந்தடிக்கிறார்கள், உரம் கூட்டுகிறார்கள். காரணம் உப்பு. உரமும் உப்புதான் என்பதால் நிலைமை இன்னும் மோசமாகிறது.

ஆர்.ஓ. இயந்திரம் உப்பை அழிப்பதில்லை, பிரிக்கிறது. நாம் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரிந்த உப்பு முழுவதும் அந்தக் கழிவுநீரில்தான் இருக்கிறது. குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம்வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தரக் கட்டுப்பாடு. அவகாடோவுக்கோ 100 மில்லிகிராம் தாண்டினாலே தொல்லை தொடங்கிவிடும். அதாவது நாம் தாராளமாகக் குடிக்கக்கூடிய தண்ணீரே இந்தச் செடிக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்படியிருக்க, சென்னையின் போர் தண்ணீரையும் அதில் கழிந்த ஆர்.ஓ. தண்ணீரையும் இது எப்படித் தாங்கும்? உப்பு இலைநுனியில் போய்ச் சேர்ந்து அங்கிருந்து கருக்க ஆரம்பிக்கிறது. அந்தத் தண்ணீரைத் தரை துடைக்கவும் வாசல் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள். அவகாடோத் தொட்டிக்கு மட்டும் வேண்டாம். மழைநீர் இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. இல்லாவிட்டால் ஆர்.ஓ.வின் நல்ல தண்ணீரையே கொடுங்கள். ஒரு செடிக்கு என்ன, அரை லிட்டர்தானே. மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிட்டால் மண்ணில் தேங்கிய உப்பும் கழுவிப் போகும். தென்னைநார்க் கழிவிலும் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை அலசாமல் தொட்டிக்கான மண்கலவையில் சேர்க்காதீர்கள்.

சரி, ஆரம்பத்துக்கு வருவோம். பழம் சாப்பிட்டதும் விதையைக் கழுவி உடனே போட்டுவிடுங்கள். அவரைக்கொட்டை மாதிரி காயவைத்து எடுத்துவைக்கிற விதை இல்லை இது. காய்ந்தால் உயிர் போய்விடும். மேலே இருக்கும் பழுப்புத் தோலை உரித்துவிட்டால் சீக்கிரம் முளைக்கும். அகன்ற பக்கம் கீழே, கூரிய பக்கம் மேலே. டூத்பிக் குத்தித் தம்ளர் தண்ணீரில் நிற்கவைக்கலாம், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் போன்சாய்தான் குறி என்றால் நேரே மணலில் பாதி புதைப்பதையே நான் சொல்வேன். தம்ளரில் நீளும் வேர் கண்ணாடியைச் சுற்றிச் சுருண்டுகொள்கிறது, பிறகு அதை நிமிர்த்த முடிவதில்லை. முளைக்க ஒன்றரை மாதம்கூட ஆகலாம், பொறுமை வேண்டும். கடையில் கிடைக்கும் வெளிநாட்டு ஹாஸ் ரகத்தைவிட, தாண்டிக்குடி, கொடைக்கானல் பக்கத்திலிருந்து வரும் நம் ஊர்ப் பெரிய பச்சைப் பழத்தின் விதைகள் எனக்கு நன்றாகவே முளைத்திருக்கின்றன.

அடுத்த கட்டத்தில்தான் எல்லோருக்கும் கை நடுங்குகிறது. கன்று அரையடி உயரம் வந்ததும் பாதியாக வெட்ட வேண்டும். வகுப்பில் இதைச் சொன்னால் "ஐயோ, இப்போதுதானே தலை தூக்கியிருக்கிறது" என்பார்கள். வெட்டாமல் விட்டால் தாம்பரத்துச் செடி போலக் கொடி மாதிரி நீண்டுகொண்டே போய் உச்சியில் மட்டும் நாலு இலை வைக்கும். அவகாடோ அலை அலையாக வளரும். ஒரு துளிர்ப்பு முடிந்து இலை முற்றிய பிறகு கொஞ்ச நாள் சும்மா இருக்கும். அந்த ஓய்வு முடியும் நேரத்தில் வெட்டுவதுதான் நல்லது. தண்டின் அடியில் செதில் மாதிரி சின்னச் சின்ன இலைத்தடங்கள் தெரியும், புது மொட்டு அங்கிருந்து வரும். விதை இன்னும் ஒட்டிக்கொண்டு கெட்டியாக இருந்தால் பயமே வேண்டாம், கன்றுக்கு வேண்டிய சாப்பாடு அதில் இருக்கிறது.  அடிக்கிளை வேண்டும் என்றால் சின்ன வயதிலேயே வெட்டுவது நல்லது.

அப்புறம், தட்டுத் தொட்டி. இங்கே எல்லோருக்கும் அவசரம். கன்றை ஆறு மாதத்தில் அழகான ஆழமில்லாத தொட்டிக்கு மாற்றிவிடுகிறார்கள். அதோடு தண்டு பருப்பது நின்றுவிடும். மூன்று, நான்கு வருடமாவது பத்து, பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் தாராளமாக வளரவிடுங்கள். தண்டு பருக்கட்டும் என்று ஒரு கிளையை ஓடவிட்டுப் பிறகு அதை வெட்டி எறியலாம். தொட்டி மாற்றும்போது ஆணிவேரில் கொஞ்சமாக, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வெட்டுங்கள். வேரையும் தலையையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். கம்பி சுற்றுவதானால் பச்சைத் தண்டில் மட்டும், அதுவும் அலுமினியக் கம்பி. முற்றிய கிளை வளையாது, படக்கென்று ஒடிந்துவிடும். நான் பெரும்பாலும் பருத்தி நூலால் கட்டி மெல்ல இழுத்துவைப்பதோடு சரி.

உப்புக்கு அடுத்தபடி கொல்வது தேங்கும் ஈரம். அவகாடோவின் வேர்கள் மேலாக ஓடுபவை, காற்றுக்கு ஏங்குபவை. அவற்றில் வேர்த்தூவிகளும் மிகக் குறைவு. மண் சதசதவென்று இருந்தால் பைட்டோப்தோரா என்ற கிருமி வேரை அழுகவைத்துவிடும். கலிபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்பவர் விதைக்கன்றாக வளர்த்து 1935இல் காப்புரிமை பெற்ற மரம்தான் உலகத்தின் எல்லா ஹாஸ் மரங்களுக்கும் தாய். அதுவும் வேரழுகலால்தான் 2002இல் பட்டுப்போனது. வேர் அழுகினாலும் இலை வாடும், தாகத்தாலும் வாடும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வாடியிருக்கிறதே என்று மேலும் ஊற்றுவதுதான் செடியை முடித்துவிடுகிறது. ஊற்றும் முன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். கலவையில் பாதியாவது பருமணலும் சலித்த செங்கல் துண்டும் இருக்கட்டும். சித்திரை வெயிலில் நிழல்வலை கட்டாயம்.

கண்காட்சி ஒன்றில் "இரண்டு வருடத்தில் காய்க்கும் அவகாடோ போன்சாய்" என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்கி விற்ற செடியை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். மேலே பசை போட்டு ஒட்டிய கூழாங்கல்லைப் பெயர்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு வருடத்துச் சாதாரண விதைக்கன்று, ஒட்டு கட்டிய தடமே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. விதையிலிருந்து வரும் மரம் தரையிலேயே காய்க்க ஐந்து வருடத்திலிருந்து பத்து வருடத்துக்கு மேலும் ஆகும், தாய்ப்பழம் போலவும் காய்க்காது. தொட்டியில் இலையைச் சிறிதாக்கலாம், பழத்தைச் சிறிதாக்க முடியாது. இலைகூட, நல்ல வெளிச்சமும் நுனி கிள்ளலும் இருந்தால் பாதியளவுக்குக் குறையலாம், அவ்வளவுதான். ஆகவே இதை உள்ளங்கை மரமாக்க முயலாதீர்கள். இரண்டு, இரண்டரை அடி மரமாக, அடிபருத்த ஒற்றைத் தண்டாக யோசியுங்கள், இலையின் அளவு உறுத்தாது. உள்ளங்கை மரம்தான் வேண்டும் என்றால் ஆலமரமோ இச்சிமரமோ பாருங்கள்.

பால்கனியில் லவ் பேர்ட்ஸ் கூண்டு வைத்திருப்பவர்கள் இதைக் கண்டிப்பாகப் படியுங்கள். அவகாடோவின் இலையிலும் பட்டையிலும் பெர்சின் என்ற நச்சு உண்டு. பறவைகளின் இதயத்தை அது தாக்கும், ஆடு, முயல், குதிரைக்கும் ஆகாது. கவாத்து செய்த இலைகளைக் கூண்டுக்குள்ளோ தெருவில் வரும் ஆட்டுக்கோ போடாதீர்கள். செடியையும் கூண்டையும் தள்ளியே வையுங்கள்.

தாம்பரத்துச் செடியை மண் கழுவி, மாடியில் பிடித்த மழைநீர் கொடுத்து நிழலில் வைக்கச் சொன்னேன். ஆடியில் புது இலைகள் சுத்தமாக வந்தன. அப்புறம்தான் முக்கால் அடியில் வெட்டினோம். ஐந்து வாரம் ஒன்றும் இல்லை. அந்த அம்மா தினமும் படம் அனுப்பினார். ஆறாவது வாரம் இரண்டு மொட்டு, ஒன்று வெட்டுக்குக் கீழே, இன்னொன்று மண்ணிலிருந்து நாலு விரல் உயரத்தில். எதைக் கிள்ளுவது என்று கேட்டார். இரண்டும் நாலு இலை வைக்கட்டும், பிறகு மேலே உள்ளதைக் கிள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.