கான்சென்ட்ரேட்டர் ஆக்ஸிஜனைத் தயாரிப்பதில்லை, நைட்ரஜனைப் பிடித்து வைக்கிறது

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) இருக்கும் அப்பாவுக்காக, காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் மெஷினை வீட்டில் வைத்திருக்கிறோம், ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் அறையில் இருக்கிற ஆக்ஸிஜனையெல்லாம் அது இழுத்துவிட்டு மற்றவர்களுக்கு மூச்சு முட்டாதா? முட்டாது. அந்த ஆக்ஸிஜன் அப்பாவின் மூக்குக்குத்தான் போகிறது. அவர் உடம்பு நிமிடத்துக்குக் கால் லிட்டர் அளவுதான் எடுத்துக்கொள்ளும், மெஷின் இல்லாவிட்டாலும் அது எடுத்துக்கொள்வதுதான். மிச்சம் அதே அறைக்குத் திரும்பிவிடுகிறது, பிரித்த நைட்ரஜனும் அங்கேயே வெளியாகிறது, இரண்டும் கலந்தால் பழைய காற்றுதான்.

சரி, எப்படிப் பிரிக்கிறது? காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்ஸிஜன், கிட்டத்தட்ட ஒரு சதவீதம் ஆர்கான் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அறைக் காற்று தூசு ஃபில்டர் வழியாக உள்ளே போய், கம்ப்ரசரில் இரண்டு இரண்டரை மடங்கு அழுத்தத்துக்கு இறுக்கப்பட்டு, ஓர் உருளைக்குள் நுழைகிறது. உருளை நிறைய ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வெளிறிய மணிகள். அதுதான் சியோலைட். 1756இல் ஸ்வீடன்காரர் க்ரோன்ஸ்டெட் இந்த வகைக் கல்லைச் சூடாக்கியபோது அதிலிருந்து ஆவி கொதித்து வந்ததைக் கவனித்தார். கல்லுக்குள் அவ்வளவு இடம் காலியாக இருக்கிறது! இன்று மெஷினில் இருப்பது ஆய்வகத்தில் செய்த சியோலைட்.

அளவைப் பார்த்துச் சலிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் நைட்ரஜன் மூலக்கூறும் ஆக்ஸிஜன் மூலக்கூறும் ஏறக்குறைய ஒரே அளவு, சியோலைட்டின் துளைகளில் இரண்டுமே தாராளமாக நுழைந்துவிடும். வேலை செய்வது மின்னேற்றம். சியோலைட் என்பது சிலிக்கான், அலுமினியம், ஆக்ஸிஜன் அணுக்களால் ஆன கூண்டுகளின் அடுக்கு. சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம் உட்காரும்போதெல்லாம் கூண்டில் ஓர் எதிர்மின்னேற்றம் மிஞ்சும், அதைச் சரிக்கட்ட சோடியம் அல்லது லித்தியம் அயனி நேர்மின்னேற்றத்தோடு கூண்டுக்குள் இருக்கும். நைட்ரஜன் மூலக்கூறு மொத்தத்தில் நடுநிலையானதுதான், ஆனால் அதன் மின்னேற்றம் சீராகப் பரவியிருப்பதில்லை: இரண்டு முனைகளிலும் கொஞ்சம் எதிர், நடுவில் கொஞ்சம் நேர். ஆக்ஸிஜனிலும் இந்த ஏற்றத்தாழ்வு உண்டு, ஆனால் அதில் நாலில் ஒரு பங்குதான் இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். லித்தியம் அயனி நைட்ரஜனின் முனையைப் பிடித்துக்கொள்கிறது, ஆக்ஸிஜன் பெரும்பாலும் தப்பித்து மறுமுனைக்குப் போய்ச் சேர்கிறது. இந்தச் சின்ன ஏற்றத்தாழ்வை நம்பித்தான் அத்தனை நோயாளிகள் மூச்சு விடுகிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இது வேட்டியில் நாயுருவி விதை ஒட்டுவது மாதிரி லேசான ஒட்டல்தான், வேதிப்பிணைப்பு கிடையாது. அதனால் அழுத்தத்தைக் குறைத்தால் நைட்ரஜன் விட்டுவிடும். சில நொடிகளில் முதல் உருளை நிரம்பியதும் வால்வு ‘டக்’கென்று திரும்பி, காற்று இரண்டாவது உருளைக்குப் போகும், முதல் உருளையின் அழுத்தம் இறங்கும். மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தால் விட்டு விட்டுக் கேட்கும் ‘புஸ்ஸ்’, அந்த நைட்ரஜன் வெளியேறும் சத்தம். அப்போது சுத்தமான ஆக்ஸிஜனில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பி உருளையைக் கழுவவும் செய்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்கு 1960இல் காப்புரிமை பெற்றவர் சார்ல்ஸ் ஸ்கார்ஸ்ட்ராம். வாயு ஒட்டும்போது வெப்பம் வெளிப்படும், கழற்றுவதற்கு அதே வெப்பம் வேண்டும். சுற்றைக் குறுக்கிவிட்டால் ஒட்டியபோது வந்த வெப்பம் ஆறுவதற்குள் கழற்றவும் பயன்பட்டுவிடும், தனியாகச் சூடாக்க வேண்டியதில்லை என்று கண்டுகொண்டார் மனிதர்.

ஆர்கானை சியோலைட் ஆக்ஸிஜன் மாதிரியே நடத்துகிறது, அதனால் அதுவும் கூடவே வந்துவிடும். எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் ஆக்ஸிஜனின் சுத்தம் 95, 96 சதவீதத்தைத் தாண்டாததற்கு இதுதான் காரணம்.

2021இல் கற்பூரத்தையும் ஓமத்தையும் துணியில் கட்டி மோந்தால் ஆக்ஸிஜன் ஏறும் என்று வாட்ஸப்பில் சுற்றியதே, அதில் துளிகூட உண்மை இல்லை. மோந்துகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. அதே ஆண்டு மே மாதம், தேஜஸ் போர் விமானத்துக்காக நம் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ உருவாக்கிய தொழில்நுட்பத்தில் மருத்துவமனைகளுக்கு ஆக்ஸிஜன் பிளான்ட் போட வேண்டி வந்தது, அதற்கான சியோலைட் ரோமிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் டன் கணக்கில் பெங்களூருக்கு வந்தது. பிளான்ட் போடும் கைத்திறன் நம்மிடம் இருந்தது, மணியை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. ஆபத்து வந்த பிறகு பொருளறிவியல் ஆய்வுக்குப் பணம் தேடுவது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதாக இல்லை.

வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 93 சதவீதம் சுத்தம் என்று எழுதியிருந்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டரில் என்று கேளுங்கள். சில மலிவான மெஷின்களில் ஒரு லிட்டரில் வரும் சுத்தம் ஏழு லிட்டருக்குத் திருகினால் பாதிக்கும் கீழே போய்விடும், ஏனென்றால் அவ்வளவு நைட்ரஜனைப் பிடிக்க உள்ளே மணி போதாது. அப்புறம் ஈரம். தண்ணீர் மூலக்கூறு நைட்ரஜனைவிடப் பல மடங்கு கெட்டியாக ஒட்டிக்கொண்டு இடத்தை விடாது, அதனால் கொரோனாவுக்கு வாங்கி மூலையில் போட்ட மெஷினை நம்பி எடுப்பதற்கு முன் சுத்தத்தை அளந்து பாருங்கள். கடலோர ஊர்களில் கட்டாயம்.

கேள்வி கேட்டவருக்கு: அறையில் ஆக்ஸிஜன் குறையுமோ என்ற கவலை வேண்டாம், மெஷின் பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி, பீடி எதுவும் வேண்டாம், போர்வையில் ஆக்ஸிஜன் தங்கியிருந்தால் சின்னப் பொறியே போதும். சிஓபிடிக்காரர்களுக்கு ஆக்ஸிஜன் அதிகமானால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறிவிடக்கூடும், டாக்டர் எழுதிய லிட்டருக்கு மேல் திருகாதீர்கள். கரண்ட் போனால் கம்ப்ரசர் நின்றுவிடும், ஒரு சிலிண்டரைக் கைவசம் வைத்திருங்கள்.