மதுரையில் நிழலில்லா நாள்: மொட்டைமாடியில் பிள்ளைகள் செய்து பார்க்க

சித்திரை பிறந்த கையோடு, ஏப்ரல் 15, 16 தேதிகளை ஒட்டி, மதுரையில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. செங்குத்தாக நட்ட கம்பிக்கு அந்த ஒரு நிமிடம் பக்கவாட்டில் நிழலே இருக்காது. ஆகஸ்ட் 27, 28 வாக்கில் இதே காட்சி மறுபடியும் கிடைக்கும். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால், ஓர் ஆண்டுக்குள் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 23.4 டிகிரி வரை போய், தெற்கேயும் அதே அளவு இறங்கி வருகிறது. மதுரை இருப்பது வடக்கே 9.93 டிகிரியில். போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை நம் தலைக்கு மேலே கடந்தாக வேண்டும். 28 டிகிரிக்கும் மேலே இருக்கிற டெல்லிக்கு இந்த நாள் என்றைக்கும் கிடையாது.

பெரும்பாலும் சொதப்புவது இரண்டு இடங்களில். முதலாவது கடிகாரம். பகல் பன்னிரண்டுக்குப் போய் நின்றால் நிழல் மேற்கே நீண்டுதான் கிடக்கும். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. மதுரை 78.1 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் நம் உச்சிப்பொழுது சுமார் 17 நிமிடம் பிந்தும். ஏப்ரல் நடுவில் 12.17, ஆகஸ்ட் கடைசியில் 12.19 என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற மாதங்களில் இது இன்னும் அலைபாயும்: பிப்ரவரி நடுவில் 12.32 வரை தள்ளிப்போகும், நவம்பர் தொடக்கத்தில் 12.01-க்கே வந்துவிடும்.

இரண்டாவது, குச்சி. மொட்டைமாடித் தளம் மட்டமாக இருக்காது. மழைத்தண்ணீர் குழாய்க்கு ஓட கொத்தனார் வாட்டம் கொடுத்திருப்பார். பத்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் என்றால் அரை டிகிரி சாய்வு. அந்தத் தளத்துக்கு மூலைமட்டம் வைத்து ஒரு மீட்டர் குச்சியை நிறுத்தினால், சூரியன் சரியாக உச்சியில் இருக்கும்போதும் 8 மி.மீ. பொய் நிழல் விழும். ஏப்ரலில் ஒரு நாளைக்கும் அடுத்த நாளைக்கும் உள்ள வித்தியாசமே 6 மி.மீ.தான். ஆக, தேதியே தவறிவிடும். போதாததற்கு, சூரியன் புள்ளியாக இல்லாமல் அரை டிகிரி அகலத்தில் இருப்பதால் குச்சி நுனியின் நிழல் மசமசவென்று இருக்கும். எங்கே முடிகிறது என்று இரண்டு பேர் இரண்டு இடம் காட்டுவார்கள்.

அதனால் குச்சியை விட்டுவிட்டு ஓட்டையும் தூக்குக்குண்டும் வைத்துச் செய்வதே நல்லது. 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலத்தில் தொங்காத கெட்டி அட்டை ஒன்று எடுங்கள். அதில் சின்னச் சன்னல் வெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகைத் துண்டு ஒன்றை ஒட்டி, அதில் 5 மி.மீ. ஓட்டை போடுங்கள். கனமான அட்டையிலேயே நேராக ஓட்டை போட்டால் அது குழாய் மாதிரி ஆகி, சாய்ந்த வெயிலை மறைக்கும். அட்டையைக் கைப்பிடிச்சுவரின் மேல் வைத்து, மாடியின் உட்பக்கம் 30 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி செங்கல் பாரம் ஏற்றுங்கள். செங்கல்லைப் பெரியவர்கள் வைக்கட்டும், தெருப்பக்கம் விழுந்துவிடக் கூடாது. கிழக்கு அல்லது மேற்குச் சுவராகப் பார்த்து வைத்தால், வெளிச்சம் வடக்கே தள்ளிப்போகும் மாதங்களிலும் சுவர் குறுக்கே வராது.

தரையில் வெள்ளைச் சார்ட் தாளை நான்கு மூலையும் ஒட்டுங்கள். ஓட்டை வழியாக நூலில் ஒரு கனத்த இரும்பு நட்டைக் கட்டி, தாளுக்கு இரண்டு மூன்று மி.மீ. மேலே நிற்கும்படி தொங்கவிடுங்கள். ஆட்டம் அடங்கியதும் நேர் கீழே புள்ளி வைக்க வேண்டும். காற்று விடவில்லை என்றால், நட்டு ஆடும் தூரத்தின் நடுவைக் குறித்தால் போதும். ஓட்டையிலிருந்து தாள் வரை உயரத்தை அளந்து எழுதிவிட்டு நூலை உருவிவிடலாம். அட்டையை அதற்குப் பிறகு யாரும் தொடக் கூடாது. நூல் தானே நேராகத் தொங்குவதால், தளத்தின் வாட்டம் இங்கே ஏறக்குறைய ஒன்றும் செய்யாது.

அட்டை நிழலின் நடுவே வட்டமாக ஒரு வெளிச்சம் விழும். அது ஓட்டையின் நிழல் அல்ல, சூரியனின் படம். ஒரு மீட்டர் உயரத்தில் அதன் குறுக்களவு 14 மி.மீ. அளவில் இருக்கும். ஓட்டையின் 5 மி.மீ.யைக் கழித்தால் 9-க்குச் சற்று அதிகம். உயரத்தில் ஏறக்குறைய 107-ல் ஒரு பங்கு. சூரியன் 15 கோடி கி.மீ. தள்ளி இருப்பதால், அதன் குறுக்களவு சுமார் 14 லட்சம் கி.மீ. என்று பிள்ளைகளே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஓட்டை வழியாக மேலே எட்டிப் பார்க்க மட்டும் விடவே கூடாது. கண் போய்விடும். செருப்பும் தொப்பியும் இல்லாமல் அந்த நேரத்தில் மாடி ஏறவும் வேண்டாம்.

12.05 முதல் 12.30 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை வட்டத்தின் மையத்தைப் பென்சிலால் குறியுங்கள். மேற்கிலிருந்து கிழக்காக, நிமிடத்துக்கு 4 மி.மீ.க்குச் சற்று அதிகமாக நகரும். புள்ளிகளைச் சேர்த்தால் ஏறக்குறைய நேர்கோடு. தூக்குக்குண்டுப் புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக உள்ள தூரம்தான் அன்றைய உச்சி நிழல். ஏப்ரல் 16-க்கு முன்பு கோடு புள்ளிக்கு வடக்கே போகும், பிறகு தெற்கே. ஐந்தாறு நாள் தொடர்ந்து ஒரே தாளில் வரைந்தால், எந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் புள்ளி மாட்டிக்கொண்டது என்பது பார்த்த உடனே தெரியும். ஒரு நாள் மேகம் போட்டாலும் குடி முழுகிப்போகாது.

சென்னையில் அத்தையோ சித்தப்பாவோ இருந்தால், மதுரையில் நிழலில்லாத அதே நாளில் அங்குள்ள பிள்ளைகளையும் அளக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு உச்சி 12.09-க்கே வந்துவிடும், நம் 12.17-க்குக் காத்திருந்தால் கணக்கு கெடும். ஒரு மீட்டர் உயரத்துக்கு அங்கே 5.5 செ.மீ. வடக்கே வரும். கோணம் 3.15 டிகிரி. சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் போட்ட கணக்கும் இதுதான். மதுரைக்கும் சென்னைக்கும் வடக்கு தெற்காக உள்ள தூரம் 350 கி.மீ. இதை 360-ஆல் பெருக்கி 3.15-ஆல் வகுத்தால் பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. ரோட்டுத் தூரத்தைப் போடாதீர்கள். அது வளைந்து போவது மட்டுமல்ல, கிழக்கே தள்ளியிருப்பதையும் சேர்த்துக் கூட்டிவிடும். சென்னையில் 5.5-க்குப் பதில் 5 என்று படித்தால் விடை 44,000-க்கு எகிறிவிடும். ஆகவே மில்லிமீட்டர் கோடு தேயாத அளவுகோலாகப் பார்த்துக் கொடுங்கள்.