கான்சன்ட்ரேட்டர்: குவிப்பானா, செறிப்பியா?

அகன்ற வாய் வழியாக நுழையும் ஒளியைக் குறுகிய வாய் வழியாக வெளியேற்றி, ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் ஒளியின் அளவைக் கூட்டும் உறுப்புக்கு ஒளியியல் வடிவமைப்பில் கான்சன்ட்ரேட்டர் என்று பெயர். அது வளைந்த கண்ணாடியாக இருக்கலாம், லென்ஸாக இருக்கலாம், முழு அக எதிரொளிப்பால் வேலை செய்யும் அக்ரிலிக் கட்டியாகவும் இருக்கலாம். சூரிய மின்கலத்தின் முன்னால் வைத்தால் வெயிலைச் சேர்த்துக் கொடுக்கும். அதையே திருப்பி, குறுகிய வாயில் எல்இடியை வைத்தால் ஸ்பாட் லைட் ஆகிவிடும்.

இதைத் தமிழில் ஒளிக்குவிப்பான், குவிப்பி என்றே பலரும் எழுதுகிறார்கள். ஒளிச்செறிப்பி என்பதே சரி என்பது எங்கள் முடிவு. இது சொல் அழகைப் பார்த்து எடுத்த முடிவு இல்லை. குவிப்பான் என்ற பெயர் வேலை செய்பவரைத் தவறான இடத்தில் அளவெடுக்க வைக்கிறது.

முதலில் மூலச் சொல். லத்தீனில் 'கான்' என்றால் கூட, 'சென்ட்ரும்' என்றால் நடு. சென்ட்ரும் கிரேக்கத்தின் 'கென்ட்ரான்' என்ற சொல்லிலிருந்து வந்தது. மாட்டை ஓட்டும் தார்க்குச்சியின் கூர்முனைக்குக் கிரேக்கர் வைத்த பெயர் அது. வட்டம் போடும்போது காம்பஸின் ஊசி குத்தி நிற்கும் புள்ளிக்கும் பிறகு அதே பெயர் வந்தது. இந்தக் கென்ட்ரான்தான் வானியல் வழியாகச் சமஸ்கிருதத்துக்குப் போய்க் கேந்திரம் ஆனது. ஜாதகத்தில் 1, 4, 7, 10 ஆம் இடங்களைக் கேந்திரம் என்று சொல்வதும் அதே சொல்தான். ஆகப் பிறப்பிலேயே இந்தச் சொல்லுக்குள் ஒரு புள்ளி இருக்கிறது. இன்று அது குறிக்கும் கருவிக்கோ அந்தப் புள்ளி தேவையில்லை.

புள்ளி உண்மையிலேயே தேவைப்படுவது ஃபோகஸுக்கு. லத்தீனில் ஃபோகஸ் என்றால் வீட்டு அடுப்பு. 1604இல் கெப்ளர் அதை ஒளியியலுக்கும் வடிவியலுக்கும் கொண்டுவந்தார். நம் பாடநூல்கள் அதைக் குவியம் என்கின்றன, அருமையான சொல். மொட்டு குவிகிறது, கை குவிகிறது, களத்தில் நெல்லைக் குவிக்கிறோம். பரந்து கிடப்பவை ஓரிடம் நோக்கி வருவதுதான் மூன்றிலும் பொருள். பரவளைய ஆடியில் பட்ட இணைகதிர்கள் ஒரு புள்ளிக்கு வருவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வேர் இல்லை. ஆகவே குவியம், குவியத் தொலைவு, குவிலென்ஸ் எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

ஆனால் குவியம் என்றால் கூடவே பிம்பமும் வருகிறது. பொருளின் ஒவ்வொரு புள்ளிக்கும் பிம்பத்தில் ஒரு புள்ளி என்பதுதான் கேமரா லென்ஸின் கடமை. சூரிய மின்கலத்துக்குச் சூரியனின் படம் வேண்டாம், ஒளி வந்து சேர்ந்தால் போதும். பிம்பம் வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிட்டால் லாபம் பெரியது. பூமியிலிருந்து பார்த்தால் சூரிய வட்டு அடைக்கும் கோணத்தில் பாதி, அதாவது அரைக்கோணம், சுமார் 0.27 பாகை. அதை வைத்துக் கணக்குப் போட்டால், காற்றில் ஒளியைச் செறிக்க இயற்கை அனுமதிக்கும் உச்சம் ஏறக்குறைய 46,000 மடங்கு. குவியத்தில் தட்டையான ஏற்பி (ஒளியை வாங்கும் பரப்பு) வைத்த பரவளையக் கிண்ணம் எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் அதில் கால் பங்கைத்தான் எட்டும். மீதி முக்கால் பங்கும் குவியத்தை நம்புவதால் போவது.

1960களின் நடுவில் இதை மூன்று நாடுகளில் தனித்தனியாகக் கண்டுகொண்டார்கள்: ஜெர்மனியில் ப்ளோகே, சோவியத் ஒன்றியத்தில் பரானோவ், அமெரிக்காவில் ஹிண்டர்பெர்கரும் ரோலண்ட் வின்ஸ்டனும். வின்ஸ்டன் தேடியது வெயிலை அல்ல, துகள் இயற்பியலில் செரன்கோவ் ஒளியை, அதாவது அதிவேக மின்னூட்டத் துகள்கள் ஒரு பொருளைக் கடக்கும்போது எழும் மங்கலான ஒளியை, சேகரிக்க ஒரு வழியை. 1970களில்தான் அந்த வடிவம் சூரிய ஆற்றலுக்கு வந்தது. அதைக் கூட்டுப் பரவளையச் செறிப்பி என்று எழுதலாம். எதிரெதிராக நிற்கும் இரண்டு பரவளையச் சுவர்கள். ஒவ்வொன்றின் குவியமும் எதிர்ச் சுவரின் அடி விளிம்பில். நடு அச்சிலிருந்து ஒரு குறிப்பிட்ட கோண எல்லைக்குள் வரும் கதிர் எதுவானாலும் கீழ்வாய்க்குப் போய்ச் சேரும். எல்லையைத் தாண்டிய கதிர் உள்ளே முட்டி மோதித் திரும்பி வந்துவிடும். அந்த எல்லைதான் ஏற்பு அரைக்கோணம்.

சென்னைக்கு ஒன்று வடிவமைத்துப் பார்ப்போம். கீழ்வாய் 50 மி.மீ. அகலம், கிழக்கு மேற்காக நீளும் தொட்டி, ஏற்பு அரைக்கோணம் 30 பாகை. கீழ்வாயை அரைக்கோணத்தின் சைனால் வகுத்தால் மேல்வாய்: 50ஐ 0.5ஆல் வகுக்க 100 மி.மீ. இரண்டு வாய்களின் அரை அகலங்களையும் கூட்டி (25 + 50), 30 பாகையின் கோடேஞ்சன்டால் பெருக்கினால் உயரம் 130 மி.மீ. செறிவு விகிதம் 2. இந்த உயரத்தை யாரும் முழுதாகக் கட்டுவதில்லை. சுவர்களின் மேல்பகுதி ஏறத்தாழ நேராக நிற்பதால் அதனால் கிடைக்கும் பலன் குறைவு. 66 மி.மீ.யில் வெட்டிவிட்டால் தகடு ஏறக்குறைய பாதியாகும். மேல்வாய் 100இலிருந்து 91.5க்கு மட்டுமே இறங்கும்; செறிவு 1.83. வெட்டுவதே புத்திசாலித்தனம்.

அடுத்தது சாய்வு. சென்னை வடக்கு 13 பாகையில் இருக்கிறது. தொட்டியைத் தெற்கு நோக்கி 13 பாகை சாய்த்தால், நண்பகல் சூரியன் தலைக்கு மேலிருந்து தெற்கே 43 பாகை வரையும் வடக்கே 17 பாகை வரையும் நகர்ந்தாலும் உள்ளே விழும். டிசம்பரில் அது தெற்கே 36.5 பாகையில் நிற்கும், ஜூனில் வடக்கே 10.4 பாகையில் நிற்கும், இரண்டும் எல்லைக்குள். ஜூன், டிசம்பர் உச்ச நாட்களில் நண்பகலைச் சுற்றி ஐந்தரை மணி நேரம் நேர்வெயில் கிடைக்கும், மார்ச், செப்டம்பர் சமநாட்களில் நாள் முழுதும். தொட்டியை நகர்த்தவே தேவையில்லை. டெல்லி பக்கத்து வரைபடத்தைப் பார்த்து 30 பாகை சாய்த்துவிட்டால் கதையே வேறு. அப்போது வடக்கு எல்லை சரியாகத் தலைக்கு மேல் வந்து நின்றுவிடும். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே. அந்த மாதங்களில் முழு உயரத் தொட்டியானால் காலை முதல் மாலை வரை நேர்வெயில் ஒரு சொட்டும் மின்கலத்தை எட்டாது; வெட்டிய தொட்டியானாலும் சுவரில் படாமல் நேரே விழும் பங்கு மட்டுமே எட்டும். மற்ற வெயிலைச் செறிப்பி வாங்கி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். தகட்டையும் மின்கலத்தையும் எவ்வளவு சோதித்தாலும் பழுது அகப்படாது, ஏனென்றால் பழுது சாய்வில்.

குவிப்பான் என்ற சொல் தவறான இடத்துக்கு அழைத்துப் போவது இங்கேதான். பெயரை நம்பிக் குவியப் புள்ளியைத் தேடி, அங்கே ஒரு சிறு மின்கலத்தை வைத்துவிடுகிறார்கள். இந்த உறுப்பில் கீழ்வாய் முழுதுமே ஏற்பி; மின்கலம் 50 மி.மீ.யையும் அடைக்க வேண்டும். ஒளி சீராகப் பரவும் என்றும் நினைத்துவிடக் கூடாது. சூரியன் ஏற்பு எல்லையைத் தொடும் நேரத்தில், சுவரில் பட்டு வரும் கதிர் அத்தனையும் கீழ்வாயின் ஒரே விளிம்பில் வரிசையாக விழும். அங்கே சூடேறும். தொடரிணைப்பில் இருக்கும் மின்கலங்களில் ஒன்றுக்கு ஒளி குறைந்தாலும் வரிசை முழுவதின் மின்னோட்டமும் அதன் அளவுக்கு இறங்கிவிடும். அதனால் மின்கலங்களைத் தொட்டியின் நீளவாக்கில் வரிசையாக வைக்க வேண்டும், அகலவாக்கில் பிரித்து வைக்கக் கூடாது. சிலிக்கான் மின்கலம் ஒவ்வொரு பாகை செல்சியஸ் சூட்டுக்கும் அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான திறனை இழக்கிறது. இரண்டு மடங்கு ஒளியென்றாலே பின்பக்கம் அலுமினிய ஹீட் சிங்க் வேண்டும்.

சென்னைக்குக் குறைந்த செறிவு பொருந்துவதற்கு இன்னொரு காரணம் கடற்காற்று. ஈரமும் மெல்லிய மங்கலும் இருக்கும் வானத்தில் வெளிச்சத்தின் கணிசமான பங்கு சிதறி வருகிறது. தொட்டி வடிவச் செறிப்பி சீராகச் சிதறிய ஒளியை எடுத்துக்கொள்ளும் பங்கு, செறிவு விகிதத்தின் தலைகீழ். 2 மடங்குச் செறிப்பி பாதியை எடுக்கும், 100 மடங்குச் செறிப்பி நூற்றில் ஒன்றை. உப்புப் படிவு தனித் தொல்லை. எதிரொளிப்புத் தகட்டை உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பும் மணலும் கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ஒளிபுகும் மூடிக்குப் புறஊதா பாதுகாப்பில்லாத பாலிகார்பனேட் வெயிலில் மஞ்சளாகும், அக்ரிலிக் தாங்கும்.

குவியமே இல்லாமல் ஒளியைச் செறிக்கலாம் என்பதை நேரில் பார்க்க விரும்புபவர்கள் ஆரோவில் சூரியச் சமையலறைக்குப் போகலாம். அங்கே கூரையில் 15 மீட்டர் விட்டத்தில், அசையாத கோளக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. கோள ஆடி கதிர்களைப் புள்ளிக்குக் கொண்டுவராது, ஒரு கோட்டில் பரப்பும். அந்தக் கோட்டில் நீளமான ஏற்பியை நிறுத்திச் சூரியனோடு அதை மட்டும் நகர்த்தி நீராவி எடுப்பதற்கான அமைப்பு அது.

செறி என்ற வேருக்கு வருவோம். நெருங்கியிருத்தல், அடர்தல், திணிதல் இதன் பொருள்கள். செறிந்த காடு, மயிர் செறிந்த மார்பு என்கிறோம். குறளின் அடக்கமுடைமை அதிகாரத்தில் செறிவு என்பது அடக்கத்தையே குறிக்கிறது. வேதியியலில் கரைசலின் செறிவு ஏற்கெனவே நிலைத்த சொல்: இவ்வளவு கன அளவில் இவ்வளவு பொருள். ஒளிக்கும் அதே கேள்விதான்: இவ்வளவு பரப்பில் இவ்வளவு ஒளி. புள்ளியைப் பற்றிய பேச்சே இல்லை. பெருக்கி, இணையாக்கி, மின்மாற்றி வரிசையில் செறிப்பியும் இயல்பாக உட்காரும். செறிவூட்டி என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது யுரேனியத்துக்குப் பழகிவிட்ட சொல் என்பதோடு, இல்லாததை ஊட்டுவது போன்ற பொருளையும் தருகிறது. செறிப்பி புதிதாக ஒளி எதையும் சேர்ப்பதில்லை.

இதோடு சேர்ந்தே வரும் பிரெஞ்சுச் சொல் எதாந்த்யூ. நீட்டப்பட்டது, விரிந்தது என்று பொருள். தமிழில் ஒளிவிரிவு எனலாம். ஒளி வரும் பரப்பையும் அது பரவும் கோணத்தையும் பெருக்கிய அளவு அது. இழப்பில்லாத எந்த ஒளியியல் அமைப்பிலும் இதைக் குறைக்க முடியாது. சப்பாத்தி மாவைத் தேய்த்தால் பரப்பு கூடித் தடிமன் குறைவது போல, பரப்பைக் குறைத்தால் கோணம் விரியும், கோணத்தைக் குறைத்தால் பரப்பு விரியும்.

சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் "ஃபோகஸ் லைட்டுக்கு சின்ன லென்ஸ், 10 டிகிரி" என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஒளிரும் பகுதி 10 மி.மீ. விட்டமுள்ள தட்டை சிஓபி எல்இடியிலிருந்து (பல சிப்புகளை ஒரே பலகையில் நெருக்கி வைத்த எல்இடி) 5 பாகை அரைக்கோணத்துக்குள் எல்லா ஒளியும் அடங்க வேண்டுமானால், 10ஐ 5 பாகையின் சைனால், அதாவது 0.087ஆல் வகுக்க வேண்டும். வெளிவாய் 115 மி.மீ. வேண்டும். 50 மி.மீ. லென்ஸைப் போட்டால் ஒன்று கற்றை விரியும், இல்லையென்றால் ஒளி பக்கவாட்டில் சிந்தும். எந்தத் தொழிற்சாலையின் லென்ஸும் இதற்கு விலக்கில்லை. சிறிய லென்ஸ்தான் வேண்டுமென்றால் சிறிய சிப் வாங்க வேண்டும். அரைக்கோள மூடியுள்ள, 1 மி.மீ. சதுரச் சிப்புக்கு அதே கற்றை சுமார் 20 மி.மீ. லென்ஸில் கிடைக்கும். மூடியின் ஒளிவிலகல் எண் 1.5 என்று வைத்துக்கொண்டால், அதன் வர்க்கமான 2.25 மடங்கு ஒளிவிரிவு கூடுவதையும் சேர்த்த கணக்கு இது.

செறிப்பியைத் திருப்பி விளக்காக்கும்போது இணையாக்கி என்றே எழுதலாம். நிறமாலைமானிப் பாடத்தில் பழகிய சொல்தான். கோணத்தை எழுதும்போது மட்டும் அது அரைக்கோணமா, முழுக்கோணமா என்று கட்டாயம் குறிப்பிட வேண்டும். செறிப்பிக் கணக்கு முழுதும் அரைக்கோணத்தில் நடக்கிறது. லென்ஸ் பெட்டியில் அச்சாகும் 10 டிகிரியோ பெரும்பாலும் முழுக்கோணம், அதுவும் ஒளிர்வு நடுவில் உள்ளதில் பாதியாகும் இடம்வரை அளந்தது. அதைத் தாண்டியும் ஒளி விழும்.